கப்பற்காரர் வீட்டுப் பிள்ளை

என் கணவர் குகநேசன் ஆறு வருடம் கப்பலில் வேலை செய்தவர். ஒஸ்லோவில் எங்களைத் தெரிந்த தமிழர் எல்லோருக்கும் இது தெரியும். பிறந்தநாள், சாமத்தியவீடு, குடிபுகல், எதுவானாலும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு யாராவது ஒருவர் அவருடைய வாயைக் கிண்டிவிடுவார். "அண்ணை, அந்தப் பிஸ்கே விரிகுடாப் புயலைச் சொல்லுங்கோவன்." மனுசன் மரியாதைக்கு ஒரு முறை மறுப்பார். பிறகு கதை தொடங்கிவிடும். மற்றவர்களெல்லாம் கப்பலின் அடித்தளத்தில் போய் ஒளிந்துகொள்ள, இவர் மட்டும் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மேல்தளத்தில் நின்றாராம். 1986இல் நான் நோர்வே வந்து முதன்முதல் கேட்டபோது அலை ஒரு தென்னை உயரம். மகன் சயூரனின் பத்தாவது பிறந்தநாளில் அது நல்லூர்க் கோபுரத்தைத் தொட்டுவிட்டது.

உண்மை எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் கப்பலில் இருந்தது நாற்பத்தொரு நாள். 1983இல் கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து, கிரேக்கச் சரக்குக் கப்பலொன்றில் சமையற்கட்டு உதவியாளாக ஏறினார். கிழங்கு உரிப்பது வேலை. கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்த நேரத்திலிருந்து சத்தி, வாந்தி மேல் வாந்தி. பேர்கன் வந்து சேர்ந்ததும் கப்டன் இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கப்பலைக் கொண்டு போய்விட்டான். இவர் நோர்வேயில் அகதியானது அப்படித்தான்.

சயூரனுக்கு ஒரு வயதாக இருந்தபோது டென்மார்க் போகும் பயணிகள் கப்பலில் ஏறினோம். ஃபியோர்ட் என்ற நீண்ட கடற்கழியின் வாயைத் தாண்டியிருக்க மாட்டோம், மனுசன் பச்சை நிறமாகிவிட்டார். கப்பற் கழிவறையின் தரையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பிறகு பிள்ளையின் தலையில் என் கையை வைத்து, ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். நானும் கொடுத்தேன். ஊரில் வாத்தியாராக இருந்தவர் இங்கே மாடிப்படி கழுவினார், அரசாங்கக் கச்சேரியில் முத்திரை குத்தியவர் மீன் வெட்டினார். எல்லோருக்கும் பேசிப் பெருமைப்பட ஏதோ ஒன்று தேவையாக இருந்தது. என்னவருக்கு ஓர் அலை. அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

நட்டம் வர இன்னும் பதினாறு வருடம் இருந்தது.

சயூரன் பதினாறு வயதில் கட்டிலும் கொம்பியூட்டருமாகக் கிடந்தான். பகலில் நித்திரை, கேட்டால் தோளைக் குலுக்கல். நாங்கள் இருந்த ஹொல்ம்லியாவில் அவனோடு படித்த பிள்ளைகள் கதவைத் தட்டுவதையும் விட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் பள்ளிக்கூட ஆலோசகர் ஒரு காகிதத்தை நீட்டினார். பழைய பயிற்சிக் கப்பலொன்றில் ஒரு வருடப் படிப்பு. பாதி வருடம் கடலிலேயே. அந்தக் காகிதத்தைத்தான் இரண்டு வருடத்தில் முதன்முதலாக அவன் முழுவதும் வாசித்தான். என் கணவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "என்ரை ரத்தமப்பா," என்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

கப்பலின் பெயர் தெர்னா. அது ஒரு கடற்பறவையாம். மூன்று பாய்மரங்கள், வெள்ளை உடம்பு. எங்கள் ஊரில் விக்டோரியா மகாராணியின் தலை போட்ட சதம் ஓடிய காலத்தில், இந்த நகரத்து ஏழைப் பையன்களை மாலுமிகளாக்குவதற்கென்று கட்டினார்களாம். இப்போது அதில் நாற்பது பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக. படுப்பதற்கு வரிசையாகக் கொளுவிய துணித் தொட்டில்கள். பதினேழு வயதில் பிள்ளையைத் திரும்ப ஏணைக்குள் போட்டுவிட்டார்களே என்று நான் சிரித்தேன். 2004 ஆகஸ்ட் கடைசியில் கப்பல் புறப்பட்டது.

இரண்டாம் கிழமை தொலைபேசியில் அவன் கதைத்த விதத்தை நான் மறக்க மாட்டேன். பாய்மரத்தின் உச்சிக் குறுக்குக் கட்டையில் ஏறி நின்றானாம். விடியப்புறம் நாலு மணிக்கு அவனுடைய கையில்தானாம் சுக்கான். "நாங்கள் பாயை இழுத்தனாங்கள், நாங்கள் தளம் கழுவினனாங்கள்" என்று ஒவ்வொரு வசனத்திலும் ஒரு நாங்கள். தன் வாயால் அவன் அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனை காலம். தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மூன்றாம் கிழமை முடிவில் கிறிஸ்தியான்சன்ட் துறைமுகத்திலிருந்து தொலைபேசி எடுத்தான். வருகிற ஞாயிறு கப்பல் ஒஸ்லோவில் நிற்கும், அன்று பெற்றோர் நாள், புதன்கிழமை பிஸ்கே விரிகுடா வழியாக ஸ்பெயினுக்குப் புறப்படும். அதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"அம்மா, நான் ஞாயிற்றுக்கிழமை உங்களோடை வீட்டை வாறன். கப்பலை விடுறன்."

"ஏனப்பன், ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"இல்லை. எல்லாரும் நல்ல ஆக்கள்." குரலைத் தாழ்த்தினான். "எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளுதில்லை. மூண்டு கிழமையாச் சத்தி."

"மற்றப் பிள்ளையளுக்கு?"

"எல்லாருக்கும் வந்தது. அவங்கள் பகிடி விட்டுச் சிரிச்சுக்கொண்டு எடுத்தவங்கள், ஒரு கிழமையோடை நிண்டிட்டுது. நான் முதல் நாளே அப்பாவைப் பற்றிச் சொல்லிப்போட்டன். ஆறு வருசத்திலை ஒருநாளும் சத்தி எடுக்காத ஆளின்ரை மகன் எண்டு. அதாலை ஒளிச்சு எடுக்கிறன். எனக்கு ஏலாதம்மா. நான் அப்பா மாதிரி இல்லை."

எனக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அவனுடைய தலையிலேயே அடித்துச் செய்த சத்தியம் என்பதால் விழுங்கினேன்.

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ. சாப்பாடு சரியில்லை எண்டு சொல்லுங்கோ. சத்தியம் பண்ணுங்கோ அம்மா."

அதற்கும் சத்தியம் பண்ணினேன். இப்படி அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில், இருவருடைய சத்தியங்களையும் சுமந்துகொண்டு நின்றேன். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், வாந்தி துடைப்பது எனக்குத் தொழில். உலகத்தில் வெட்கப்பட ஆயிரம் விஷயம் இருக்க, என் வீட்டு ஆண்கள் இருவரும் இதைப் போய்ப் பிடித்துக்கொண்டார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை எண்பது மீன் றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு ஹொல்ம்லியா நிலையத்தில் ரயில் ஏறினோம். என் கணவர் நீலக் கோட்டு, தலையை ஒருபக்கம் வாரியிருந்தார். தபால் பிரிக்கும் மண்டபத்தில் வேலை செய்யும் மனுசன் அன்று உண்மையாகவே ஒரு கப்டன் மாதிரித்தான் இருந்தார்.

"சாப்பாட்டுப் பிரச்சினைக்கு ஆரும் கப்பலை விடுவினமே," என்றார். "நான் கதைச்சுச் சரிப்பண்ணுறன். அந்தக் காலத்திலை நாங்கள் புழுப் பிடிச்ச மாவிலை..."

"சாப்பாடு இல்லை," என்றேன். "அவனுக்குச் சத்தி. மூண்டு கிழமையா. உங்களாலை ஒளிச்சு எடுக்கிறான், உங்களாலை விட்டுட்டு வாறான்." மகனுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினேன். தலை அவனுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை.

ரயில் இரண்டு நிலையங்களைத் தாண்டியது. அவர் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதை முழுக்கக் கடல்தான், தப்ப வழியில்லை.

"இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"அவன் அந்தக் கதையோடை வளந்தவனப்பா. அதை எடுத்துப்போட்டால் நான் அவனுக்கு ஆர்? தபாற்பெட்டி தூக்கிற ஆள்."

அப்படி அவர் என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன்," என்றேன். சொல்லுவேனா என்பது எனக்கே தெரியாது. கடைசியில், மகனைத் தனியாகக் கூப்பிட்டுத் தானே சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

துறைமுகத்தில், பழைய கோட்டைக்குக் கீழே தெர்னா நின்றது. சயூரன் இறங்குபலகையடியில் எங்களைக் கண்டு கை காட்டினான். மெலிந்திருந்தான், கை மட்டும் தடித்திருந்தது. அவனைப் பிடித்துக் கொஞ்சுவதற்குள் ஒரு பெண் வந்துவிட்டாள். ஐம்பது வயது, கதவு நிலை போலத் தோள். பெயர் குத்ரூன். தளத்திலுள்ள கயிறு, பாய், பிள்ளைகள் எல்லாம் அவளுடைய பொறுப்பு என்று மகன் சொன்னான்.

"ஆறு வருடக் கப்பற்காரர் இவர்தானா," என்று நோர்வேஜிய மொழியில் கேட்டு, என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உங்கள் மகன் எங்களுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறான். பிஸ்கேயில் அலை எவ்வளவு உயரம்?"

சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெற்றோர்கள். என் கணவர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நகரமண்டபத்தின் செங்கல் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். அது அங்கே, எதிரிலேயே நின்றது.

"அந்தளவு இருக்கும்," என்றார்.

அவருடைய சப்பாத்தை ஏறி மிதித்தேன். மனுசன் முகத்தைச் சுளிக்காமல், கயிற்றால் கட்டிக்கொண்ட இடம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். நாக்குக்குப் பழக்கம், நிறுத்தத் தெரியவில்லை. சயூரன் சிரித்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். ஆனால் நான் தாய். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் முடிந்து, முகம் எப்படி வெறுமையானது என்பதைக் கண்டேன். அவன் மெல்ல என் பக்கம் வந்து, "நான் உடுப்பெல்லாம் அடுக்கிப்போட்டன்," என்றான். எனக்குக் கணவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. பெற்றோரை ஏற்றிக்கொண்டு தீவுகளைச் சுற்றி வருவது ஏற்பாடு. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிள்ளையாரே, ஒரு அலை விடும் என்று மன்றாடினேன். ஒரேயொரு ஆட்டம் போதும், மனுசன் தானாகவே தளத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார், ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்று கடல் சுளகில் பரப்பிய மா மாதிரிக் கிடந்தது. கப்பல் ஆடவேயில்லை. என் கணவர் காற்று வாங்கிக்கொண்டு இரண்டு றோல்ஸ் சாப்பிட்டார். இந்தப் பொய் இப்படியே தப்பிப் போய்விடும் என்று நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

கீழே உணவறையில் ஒரு பழைய படம் தொங்கியது. 1889. ஐம்பது அறுபது பையன்கள், மொட்டை அடித்த தலை, மாலுமிச் சட்டை, வெறுங்கால். பன்னிரண்டு பதின்மூன்று வயதுதான் இருக்கும். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு றோல்ஸ் கொடுக்க வேண்டும் போலிருந்தது. அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் இருந்த தடித்த புத்தகத்தைக் குத்ரூன் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். மணியை ஒருதரம் அடித்தாள். எல்லோரும் சுக்கானைச் சுற்றிக் கூடினோம்.

"இது முதல் மாணவர்களின் காலத்திலிருந்து வரும் புத்தகம்," என்றாள். "பக்கத்துக்கு நாலு கட்டம். பெயர், வேலை, கடலில் நாட்கள், நோயில் நாட்கள். ஒவ்வொரு பயணமும் முடிய மாணவர்கள் தங்கள் கையால் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் அதை எல்லோர் முன்னாலும் உரத்து வாசிப்பார்கள், பையன்களை வெட்கப்படுத்துவதற்கு. நாங்கள் இன்றைக்கும் வாசிக்கிறோம், பகிடிக்காக. பெற்றோரில் கடலில் வேலை செய்தவர் யாரும் இருந்தால் சுக்கானைப் பிடிக்கலாம். பிடித்தவர் எழுத வேண்டும்."

எல்லோருடைய முகமும் என்னவர் பக்கம் திரும்பியது.

அவர் சுக்கானைப் பிடித்தார். நேரான கடல், தெளிவான வெயில். ஐந்து நிமிடம் அழகாகத்தான் பிடித்தார். பிறகு குத்ரூன் பேனையை நீட்டினாள். அவர் பெயரை எழுதினார். பேனை நின்றது. ஆறு வருடத்தை நாளாக்கி எழுதுவது அவருக்குப் பெரிய காரியமில்லை, தபாலில் எண்களோடு வாழ்கிற மனுசன். கதை சொல்வதென்றால் வாயால் சொல்லிவிட்டுப் போகலாம், காற்றில் போய்விடும். இது நூறு வருடத்துக்கு மேல் ஒருவரும் கிழித்து எறியாத புத்தகம். அவர் நிமிர்ந்து சயூரனைத் தேடினார். அவன் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் குனிந்து, விறுவிறுவென்று எழுதிப் பேனையை வைத்தார்.

குத்ரூன் உரத்து வாசித்தாள். "பெயர், குகநேசன். வேலை, சமையற்கட்டு, கிழங்கு உரித்தல். கடலில் நாட்கள், நாற்பத்தொன்று." அவள் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "நோயில் நாட்கள், முப்பத்தெட்டு."

என் கணவரின் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"மற்ற மூன்று நாளும்?" என்று குத்ரூன் கேட்டாள்.

"கப்பல் துறைமுகத்தில் நின்றது."

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு தளமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கேவலப்படுத்தல் இருக்கவில்லை. ஒரு தகப்பன் வந்து அவருடைய முதுகில் தட்டினான். சயூரன் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளை விலக்கிக்கொண்டு வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றான்.

"அப்ப அந்த நல்லூர்க் கோபுரம்?"

"அலை வந்தது உண்மையாத்தான் இருக்கும், தம்பி. சத்தம் கேட்டது. நான் பாக்கேல்லை. வாளிக்குள்ளை தலையை வைச்சிருந்தனான்."

மகன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோபிக்கப் போகிறானோ என்று பயந்தேன். பதினேழு வருடம் ஏமாற்றப்பட்ட பிள்ளை, கோபித்தால் நியாயம்தான். அவன் குத்ரூனிடமிருந்து புத்தகத்தை வாங்கி, இரண்டு பக்கம் முன்னால் புரட்டினான். அவனுடைய வரி அங்கே இருந்தது. கடலில் நாட்கள் இருபத்தொன்று, நோயில் நாட்கள் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் பத்தொன்பது என்று எழுதினான்.

குத்ரூன் எட்டிப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்," என்றாள். "இந்தக் கப்பலில் ஒருவரும் வாளி கழுவி வைப்பதில்லை, நான் கத்தினால் ஒழிய. மூன்று கிழமையாக ஒவ்வொரு விடியற்காலையும் ஒரு வாளி மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். இவ்வளவு ஒழுங்காகச் சத்தி எடுக்கும் மாணவனை நான் கண்டதில்லை." வளர்த்தவள் நான்தான் என்று சொல்ல நினைத்தேன், அடக்கிக்கொண்டேன். ஒரு பெண்பிள்ளை சயூரனின் தோளில் குத்தி, "பத்தொன்பதா? நாங்கள் நீ விடியற்காலையில் தனியாகப் போய் ஒளித்துச் சிகரெட் பிடிக்கிறாய் என்றல்லவா நினைத்தோம்," என்றாள். அப்போதுதான் அவன் சிரித்தான்.

திரும்பி வரும் வழியில் தகப்பனும் மகனும் முன்பக்கக் கயிற்றுச் சுருளில் இருந்து கதைத்தார்கள். நான் கிட்டப் போகவில்லை. மீந்த றோல்ஸைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டேன். எனக்கு இந்த மனுசன் மேல் பதினெட்டு வருடமாக அன்பு இருந்தது, இரக்கம் இருந்தது, எரிச்சலும் தாராளமாக இருந்தது. மதிப்பு என்ற ஒன்று அன்றைக்குத்தான் முழுதாக வந்தது. அதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை, தலைக்கேறிவிடும்.

கப்பல் கோட்டையடியில் வந்து கட்டியது. பெற்றோர்கள் இறங்கினார்கள். சயூரன் எங்களோடு இறங்குபலகை வரை வந்து, மேலேயே நின்றான்.

"என்னப்பன், வாறியோ?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை எனக்கு நாலு மணிக் காவல், அம்மா. ஆள் இல்லாட்டில் மற்றவங்களுக்குக் கரைச்சல்." பிறகு தகப்பனைப் பார்த்தான். "அப்பா, பிஸ்கேயிலை எத்தினை வாளி வேணும்?"

என் கணவர் யோசித்தார். கண்ணை மூடி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் நினைத்துப் பார்த்தார்.

"இரண்டு," என்றார். "ஒண்டைக் கழுவிற நேரம் மற்றது."

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.